வேலையால் வந்து வயலின் எடுப்பவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் வாசிக்க, பாட இடம் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயிலில் வாசித்து முடித்து வயலினைப் பெட்டிக்குள் வைக்கும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். நாற்பது தாண்டியவராக இருப்பார். "நானும் ஒரு காலம் படிச்சனான்" என்று தொடங்குவார். பிறகு கேள்விகள் வரும். பத்து வருடமாக அதே கேள்விகள்தான் என்பதால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

நான் சங்கீத ஆசிரியன் இல்லை. அலுவலக உத்தியோகம். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில், வயலினில் தரம் நாலு முடித்தபோது 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு வந்தது. வயலின் வீட்டில் நின்றது, நாங்கள் தென்மராட்சிக்குப் போனோம். திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, வயலினும் இல்லை. மறுபடி வில்லைப் பிடித்தது 36 வயதில். ஆகவே இங்கே எழுதுவது வித்துவான்களுக்கு இல்லை, என்னைப் போன்றவர்களுக்கு.

வயது 43. தரம் மூன்று வரை படிச்சனான். இனி எனக்கு ஆர் மேடை தரப் போகினம்?

மேடை என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். எங்கள் ஊரில் சங்கீதம் படித்தவர் மனதில் ஒரே ஒரு பாதைதான் இருக்கிறது: வகுப்பு, பரீட்சை, அரங்கேற்றம், கச்சேரி. அந்தப் பாதையில் பாதியில் இறங்கியவர் தனக்கு இனி இடமில்லை என்று நினைத்துவிடுகிறார். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு வருடத்தில் பாட்டு தேவைப்படும் நாட்களை எண்ணிப் பாருங்கள். தைப்பொங்கல் விழா, சிவராத்திரி நாலு சாமம், ஊர்க் கோயில் திருவிழா, நவராத்திரி, அலுவலக வாணி விழா, கந்தசஷ்டி ஆறு நாள், திருவெம்பாவை பத்து நாள், ஒளிவிழா, சனசமூக நிலைய ஆண்டு விழா, பழைய மாணவர் ஒன்றுகூடல். இவற்றில் பாதிக்கு ஆள் கிடைக்காமல் தொலைபேசியில் பாட்டைப் போட்டு மைக்கைப் பக்கத்தில் வைக்கிறார்கள். அந்த மைக்குக்கு முன்னால்தான் உங்கள் இடம் இருக்கிறது.

சரி, முதல் நாள் எங்கே போறது?

வீட்டுக்குக் கிட்ட உள்ள கோயிலுக்கு, வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசைக்கு.

பாடுபவராக இருந்தால் பஞ்சபுராணத்தில் தொடங்குங்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருப்புராணம் என்ற ஐந்தும், பிறகு திருப்புகழும் வாழ்த்தும். ஐயர் தீபாராதனை முடித்து "பஞ்சபுராணம்" என்று சொன்னதும் கோயிலில் ஒரு சின்ன அமைதி விழும். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். வழமையாகப் பாடும் வயதான ஐயா வராத நாட்கள் உண்டு. அவர் இருக்கும்போது முந்திக்கொண்டு தொடங்க வேண்டாம், அது பெரிய பிழை. முதலில் அவரோடு கதையுங்கள். "நானும் பாடுவன், திருவாசகத்தை எனக்குத் தாறியளோ?" என்று கேட்டால் அனேகமாகச் சந்தோசப்படுவார், ஏனென்றால் அவருக்கும் இளைக்கிறது.

வாத்தியக்காரருக்குத் திருவெம்பாவைக் காலத்தை விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மார்கழியில் ஆருத்திரா தரிசனத்தோடு முடியும் பத்து நாள். விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் ஊரைச் சுற்றி வரும், கோயிலில் திருவெம்பாவை இருபது பாட்டும் தினமும் ஓதப்படும். ஒரே பாட்டு பத்து நாள் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைக் கவனியுங்கள். முதல் நாள் தடுமாறிய இடத்தை மூன்றாம் நாள் பிடித்துவிடுவீர்கள். திருவெம்பாவை திருவாசகத்தின் ஒரு பகுதி, திருவாசகத்தை மோகன இராகத்தில் பாடுவதுதான் வழமை. ஐந்து சுரம், கூட்டத்தோடு சேர்ந்து போகலாம். குளிரில் கை விறைத்து வில் நடுங்கினாலும் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள், அவர்களும் அரைத் தூக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

நான் திரும்பத் தொடங்கியது அப்படித்தான். முதல் மூன்று நாள் தூணுக்குப் பின்னால் இருந்து வாசித்தேன். நாலாம் நாள் ஒரு ஆச்சி, "தம்பி, கொஞ்சம் முன்னுக்கு வந்து இரும், கேக்கேல்லை" என்றா. எனக்குக் கிடைத்த முதல் அழைப்பு அது.

தேவாரத்துக்கு வயலின் வாசிக்கப் பண் எல்லாம் தெரிய வேணுமே?

பண் என்பது தேவாரத்துக்குரிய பழைய இராகம். தெரிந்தால் நல்லது. ஆனால் நீங்கள் கர்நாடக இராகங்கள் படித்தவர் என்றால் பாதி ஏற்கனவே தெரியும். கொல்லிப் பண்ணை நவரோசில் பாடுகிறோம், தக்கேசியைக் காம்போதியில், கௌசிகத்தைப் பைரவியில். பெயர்தான் வேறு. ஒரு சின்னக் கொப்பியில் நீங்கள் போகும் கோயிலில் பாடும் பதிகங்களை மட்டும் எழுதி, பக்கத்தில் இராகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இருபதைத் தாண்டாது. ஓதுபவர் தாளம் இல்லாமல் விருத்தமாகப் பாடினால் அவருக்குப் பின்னால் அரை மூச்சு விட்டு வாசியுங்கள், முந்த வேண்டாம்.

கோயில் திருவிழாவிலை ஒரு கச்சேரி வைக்க ஆரைக் கேக்கிறது?

அனேகர் நேரே தர்மகர்த்தாவிடம் போய்க் கேட்டு, "பாப்பம்" என்ற பதிலோடு திரும்புகிறார்கள். எங்கள் கோயில்களில் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கோ வட்டாரத்துக்கோ உரிய உபயம். அன்றைய சோடனை, அன்னதானம், மேளம், மாலை நிகழ்ச்சி எல்லாம் பெரும்பாலும் அந்த உபயகாரரின் விருப்பம். முந்திய காலத்தில் உபயகாரர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு, இந்தியாவில் இருந்தெல்லாம் நாதஸ்வரக் கோஷ்டிகளை அழைத்து, விடிய விடிய மேளச்சமா வைத்த ஊர் இது. தவில் தட்சணாமூர்த்தியும் நாதஸ்வரம் என். கே. பத்மநாதனும் வளர்ந்தது அந்தப் போட்டியின் நிழலில்தான். இன்று பல உபயகாரர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். இங்கே பொறுப்பாக நிற்பவர் ஒரு மச்சானோ மருமகனோ. அவருக்கு மாலை நிகழ்ச்சி ஒரு தலையிடி. அவரைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும்.

போகும் நேரமும் முக்கியம். கொடியேற்றத்துக்கு முதல் வாரம் போனால் நோட்டீஸ் அச்சுக்குப் போயிருக்கும். இரண்டு மாதம் முந்திப் போங்கள். சொல்ல வேண்டியது நாலு வசனம்: எத்தனை பேர், என்ன வாத்தியம், எவ்வளவு நேரம், காசு வேண்டாம் அல்லது போக்குவரத்துச் செலவு மட்டும். "நாங்கள் பெரிய வித்துவான்கள் இல்லை, வேலை செய்கிற ஆட்கள்" என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். எதிர்பார்ப்பு குறைந்தால் உங்களுக்குத்தான் நல்லது.

கொடியேற்றம் இல்லாத சின்னக் கோயில்களில் அலங்காரத் திருவிழா நடக்கும். அங்கே நிகழ்ச்சிக்கு ஆள் கிடைப்பது இன்னும் கஷ்டம். தொடக்கக்காரர் தேட வேண்டியது அந்தக் கோயில்களை.

நேரத்தைப் பற்றி ஒன்று. உங்களுக்குத் தருவது பூசை முடிந்து சுவாமி வீதிக்கு வெளிக்கிடும் வரையான இடைவெளி. நாற்பத்தைந்து நிமிடம் என்பார்கள். முப்பதாகவும் சுருங்கும், ஐயர் பிந்தினால் ஒன்றரை மணித்தியாலமாகவும் இழுபடும். மணி அடித்து நாதஸ்வரம் தொடங்கினால் சரணத்தின் நடுவில் நின்றாலும் நிறுத்திவிடுங்கள். ஆகவே நீளமான உருப்படியைக் கடைசிக்கு வைக்க வேண்டாம். பிள்ளையார் பாட்டு ஒன்று, அந்தக் கோயில் மூர்த்தி மேல் இரண்டு, தெரிந்த தமிழ்க் கீர்த்தனை இரண்டு, திருப்புகழ் ஒன்று. நீட்ட வேண்டி வந்தால் போட இரண்டு பாட்டு கையிருப்பில். முருகன் கோயிலில் போய் மூன்று தெலுங்குக் கீர்த்தனையை வரிசையாக வைத்த ஒரு நண்பருக்கு நடந்ததை இங்கே எழுதவில்லை. கடலைக்காரர் மட்டும் மிச்சம் இருந்தார்.

நல்லூர்த் திருவிழாவிலை வாசிக்க ஆசை. நடக்குமா?

உள்ளே நடப்பது நாதஸ்வரம், தவில்; அது பரம்பரையாகச் செய்பவர்களின் இடம். இருபத்தைந்து நாளும் வெளியே நல்லை ஆதீனம் போன்ற சுற்றாடல் மண்டபங்களில் பண்ணிசை, கச்சேரி, சொற்பொழிவு நடக்கும். அங்கே தனிக் கச்சேரி முதல் வருடத்தில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். துறை போனவர்களும் அவர்களின் மாணவர்களும் வரிசையில் நிற்கிறார்கள், அது நியாயமும்தான். உங்களைப் போன்றவருக்கு வழி, ஒரு குழுவாகப் பாடும் பண்ணிசையில் சேர்வது அல்லது ஒரு பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் அணிசேர் கலைஞராகப் போவது. இரண்டும் கைகூடாவிட்டால் அந்த இருபத்தைந்து நாளும் முன்வரிசையில் இருந்து கேளுங்கள். பக்கத்தில் இருக்கிறவர் யார் என்று கதை கொடுங்கள். எனக்கு மிருதங்கக்காரர் கிடைத்தது ஒரு கச்சேரியில் தொடையில் ஒழுங்காகத் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்துத்தான். அவர் ஒரு வங்கியில் வேலை.

பரீட்சைச் சான்றிதழ் கேப்பினமோ?

கோயிலிலும் சனசமூக நிலையத்திலும் ஒருவரும் கேட்டதில்லை. ஆசிரியர் வேலைக்குப் போவதென்றால் அது வேறு கதை.

ஆனாலும் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1931 இல் தொடங்கிய சபை. போர்க்காலத்திலும் இந்த மண்ணில் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம் இருந்ததென்றால் அதற்கு அந்தத் தரங்கள் ஒரு காரணம். பாதியில் விட்ட தரத்தை முடிப்பது உங்களுக்கு ஒரு தள்ளுவிசையாக இருக்குமென்றால் முடியுங்கள். மண்டபத்தில் பக்கத்துக் கதிரையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருக்கும், "அங்கிள், உங்கட பிள்ளை எந்தத் தரம்?" என்று கேட்கும். என்னைக் கேட்டது.

ஒரு எச்சரிக்கை: தரம் ஆறு முடிந்த பிறகுதான் வெளியே வாசிப்பேன் என்று இருக்க வேண்டாம். பரீட்சைக்குப் படித்தவர் தனியாக வாசிக்கப் பழகுகிறார். பாடகர் திடீரென்று ஒரு வரியைத் திருப்பிப் பாடினால் என்ன செய்வது என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

விட்டதைத் திரும்பப் பிடிக்க எவ்வளவு காலம்?

ஆளுக்கு ஆள் மாறும். எனக்குக் காது மூன்று மாதத்தில் வந்தது, விரல் ஒரு வருடம் எடுத்தது. ஆசிரியர் ஒருவரிடம் போங்கள். மருதனார்மடத்தில் 1960 இல் இசைக் கல்லூரியாகத் தொடங்கிப் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்து வெளியேறியவர்கள் ஏறக்குறைய ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கு என்று தனி வகுப்பு வைப்பவர் குறைவு. பிள்ளைகளின் வகுப்பு முடிந்த பிறகு அரை மணித்தியாலம் தர முடியுமா என்று கேளுங்கள். பத்துப் பாட்டைப் பாடமாக, புத்தகம் பார்க்காமல், எந்த நேரமும் வாசிக்கக்கூடிய அளவுக்கு வந்தால் வெளியே போகலாம். நூறு பாட்டு அரைகுறையாகத் தெரிவது ஒருத்தருக்கும் உதவாது.

சேர்ந்து வாசிக்க ஆட்களை எங்கே தேடுறது? சுருதி ஒத்து வருமோ?

நல்ல கேள்வி, குழுக்கள் உடைவது அனேகமாக இந்தச் சுருதியில்தான், மனக்கசப்பு எல்லாம் பிறகு.

சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணுவோம். ஆண் குரல் ஒரு கட்டை, ஒன்றரை என்று நிற்கும். பெண் குரல் ஐந்து, ஐந்தரை. வயலின்காரர் தந்தியை ஏற்றி இறக்கிச் சமாளிப்பார். மிருதங்கக்காரருக்கு அப்படி இல்லை. ஒரு மிருதங்கத்தை வாரைத் தட்டிக் கொஞ்சம்தான் கூட்டிக் குறைக்கலாம். ஒரு கட்டைக்குரிய பெரிய மிருதங்கத்தை ஐந்து கட்டைக்கு ஏற்றப் பார்த்தால் தோல் கிழியும். வேலைக்குப் போகும் ஒருவரிடம் இரண்டு மிருதங்கம் இருப்பது அபூர்வம். ஆகவே பாடகர் ஆண், மிருதங்கம் ஐந்து கட்டை என்று அமைந்தால் முதல் சந்திப்பிலேயே கதை முடிந்தது. தொலைபேசியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தினை கட்டை?" என்பதுதான். கஞ்சிரா வாசிப்பவர் கிடைத்தால் விடாதீர்கள், அதற்கு இந்தச் சுருதிச் சிக்கல் குறைவு.

ஆள் தேட: பிள்ளைகளைச் சங்கீத வகுப்புக்கு ஏற்றி இறக்கும் பெற்றோர். வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தபடி தொலைபேசி பார்ப்பவர்களில் இரண்டு பேராவது ஒரு காலம் படித்தவர்களாக இருப்பார்கள். வியாழக்கிழமை சாயி நிலையப் பஜனைகள்: ஹார்மோனியம், தபேலா, டோல்கி தெரிந்தவர்கள் அங்கே கூடுவார்கள். தையில் தியாகராஜ ஆராதனை நடக்கும் இடங்கள்: பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தும் ஆதி தாளத்தில் எல்லோரும் சேர்ந்து இசைப்பவை, கூட்டத்தோடு இருந்து வாசிக்கலாம். அந்த ஐந்தின் இராகங்களில் நாட்டையும் ஆரபியும் மட்டும் தெரிந்தால் அந்த இரண்டுக்கும் வாசித்து, வராளிக்கு வில்லை மடியில் வைத்திருங்கள். யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. குழுவில் எந்த வாத்தியத்துக்கும் மாற்றாள் ஒருவர் மனதில் இருக்கட்டும். நெருங்கிய சொந்தத்தில் ஒரு சாவு விழுந்தால் துடக்கு. முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்க முடியாது. எங்கள் குழுவில் நாலு பேரில் இரண்டு பேர் ஒரே ஊர், ஒரே சொந்தம். ஒரு திருவிழாவுக்கு மூன்று நாள் முதல் இரண்டு பேரும் ஒன்றாக இல்லாமல் போனார்கள்.

எனக்குச் சங்கீதம் இல்லை, கிற்றாரும் ஓகனும். இந்த ஊரிலை எங்களுக்கு என்ன இருக்கு?

எழுபதுகளில் கேட்டிருந்தால் "எந்தக் கோஷ்டியில் சேரப் போறாய்?" என்று கேட்டிருப்பார்கள். கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி என்று மெல்லிசைக் குழுக்களுக்காகக் கோயில் வீதிகளில் சனம் விடிய விடியப் பாய் போட்டிருந்த காலம். அதில் வாசித்தவர்களில் பலர் பகலில் வேறு வேலை செய்தவர்கள்தான்.

இன்று இசைக்குழுக்கள் கல்யாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள் என்று தொழிலாக நடக்கின்றன. அவற்றில் சேர்ந்தால் ஒத்திகைக்கு வேலை நாளில் கூப்பிடுவார்கள், ஒக்டபாட் என்ற மின் தாளக் கருவியும் பதிந்த இசையும் பாதி வேலையைச் செய்யும். வேலைக்குப் போகிறவருக்கு அது சரிவராது என்பது என் எண்ணம். அலுவலகக் கலை நிகழ்ச்சி, பழைய மாணவர் இரவு விருந்து, ஒளிவிழா ஆகியவற்றுக்கு என்று மூன்று நாலு பேர் சேர்ந்து பன்னிரண்டு பழைய பாட்டைத் தயாராக வைத்திருந்தால் வருடத்துக்கு ஐந்தாறு முறை வாசிக்கலாம். ஐம்பது வயதுக்காரர் கூட்டத்தில் அறுபது, எழுபதுகளின் பாட்டு ஒருபோதும் தோற்காது.

கிறிஸ்தவரென்றால் உங்களுக்குக் கதவு அகலம். ஒவ்வொரு ஞாயிறும் பாடகர் குழாம். ஓகன் வாசிக்கும் பெடியன் வெளிநாடு போன பங்குகள் எத்தனையோ. தவக்காலத்தில் திருமறைக் கலாமன்றம் மேடையேற்றும் திருப்பாடுகளின் காட்சி பெரிய கூட்டு முயற்சி. மரியசேவியர் அடிகள் 1965 இல் தொடங்கிய மன்றம் அது. பெயர் திருமறை என்றாலும் சைவக்காரரும் அங்கே நடித்தும் வாசித்தும் இருக்கிறார்கள். மார்கழிக் கரோல் குழுவில் கிற்றாரோடு லொறியில் ஏறி ஊர் சுற்றுவது, ஒரு சைவக்காரனாகச் சொல்கிறேன், பொறாமைப்பட வைக்கும் அனுபவம்.

ஹார்மோனியம் கொஞ்சம் வரும். ஆனால் கச்சேரிக்கு ஹார்மோனியம் ஆர் கேக்கினம்?

கூத்துக்காரர் கேட்கிறார்கள். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் வசந்த கான சபா மயான காண்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன காலத்தில் இசை நாடகத்துக்கு ஹார்மோனியமும் மிருதங்கமும் உயிர். இன்றும் இசை நாடகம் போடும் குழுக்களுக்கும், காத்தவராயன் கூத்து ஆடும் ஊர்களுக்கும் பின்பாட்டும் ஹார்மோனியமும் தேவை. நடிகர் எந்தச் சுருதியில் தொடங்குவார் என்பது கடவுளுக்கே தெரியாது. கட்டையை உடனே மாற்றிப் பிடிக்கும் கை வேண்டும். ஒரு பருவம் கூத்துக்கு வாசித்தவர் பிறகு எதற்கும் பயப்பட மாட்டார். வில்லிசைக் குழுக்களும் அப்படியே.

பொம்பிளையள் எப்பிடி? இரவிலை போய் வாறது கஷ்டம்.

என் மனைவியின் பதிலை எழுதுகிறேன், அவ பாடுறவ. "மேடை கேக்க முதல் ஓட்டோவைக் கேளுங்கோ." கோயில் நிகழ்ச்சி ஒன்பது மணி தாண்டும், அந்த நேரத்துக்குப் பல ஊர்களுக்குப் பஸ் இல்லை. ஆகவே தனியாக இல்லாமல் ஒரே பக்கம் போகும் நாலைந்து பேர் ஒரு பண்ணிசைக் குழுவாகச் சேருங்கள். போக்குவரத்துக்கு உபயகாரர் வான் ஒழுங்கு செய்வாரா என்று முதலே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பகல் நிகழ்ச்சிகளும் உண்டு. நவராத்திரியில் பாடசாலை, வங்கி, செயலகம் எங்கும் பகலில்தான் வாணி விழா. சகலகலாவல்லி மாலை பத்துப் பாட்டையும் ஒழுங்காகப் பாடத் தெரிந்த ஒரு குழுவுக்கு அந்த ஒன்பது நாளும் அழைப்பு வரும். முதியோர் இல்லங்களும் பின்னேரம் நாலு மணிக்குப் பாட்டுக் கேட்க விரும்புகின்றன. கைதடி முதியோர் இல்லத்தைப் போன்ற இடங்களுக்கு முன்கூட்டி அனுமதி கேட்டுப் போகலாம். அங்கே பழைய பாட்டைத் தொடங்கினால் அடுத்த வரியை அவர்கள் எடுத்துவிடுவார்கள்.

காசு கேக்கலாமோ?

தொடக்கத்தில் கேட்க வேண்டாம். எரிபொருள், ஓட்டோக் கூலி கேட்கலாம். ஆனால் இதைத் தொழிலாகச் செய்பவர் ஒருவரை நீங்கள் அழைத்துப் போனால் அவருக்குரிய சன்மானத்தை முதலே பேசி, முழுதாகக் கொடுக்க வேண்டும். "நாங்கள் எல்லாரும் சும்மாதானே வாறம்" என்று தவில்காரரிடம் சொல்வது அவருடைய அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது. ஒரு தொழிற்கலைஞருக்கு வழமையாகக் கிடைக்கும் நிகழ்ச்சியை இலவசம் என்று சொல்லித் தட்டிப் பறிப்பதும் அதே வகைதான். பொன்னாடை போர்த்துவார்கள். என் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

ஒலிபெருக்கி, மைக் எல்லாம் எங்கடை பொறுப்போ?

கோயிலில் சவுண்ட் சேர்விஸ் ஏற்கனவே நிற்கும். நேரத்துக்கு முந்திப் போய் அந்தத் தம்பியோடு சிநேகமாகுங்கள். எதிரொலியைக் கூட்டி வைப்பது அவர்களின் வழக்கம். குறைக்கச் சொல்லுங்கள், வயலினுக்குத் தனி மைக் கேளுங்கள், ஒன்றாவது உங்கள் பக்கம் திரும்பியிருக்கட்டும். நீங்களே வெளியில் நிகழ்ச்சி வைத்தால் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். 2007 இல் உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளைப்படி இரவு பத்து மணியில் இருந்து காலை ஆறு மணி வரை பொதுவாக அனுமதி இல்லை. உயர்தரப் பரீட்சை, சாதாரணதரப் பரீட்சைக் காலங்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் எடுத்துச் செய்தால் என்ன?

வீரசிங்கம் மண்டபமும் இருக்கிறது. பொது நூலகத்துக்குக் கிட்ட, இந்திய அரசின் நன்கொடையில் எழுந்து 2025 இல் திருவள்ளுவர் பெயர் பெற்ற கலாசார மையமும் இருக்கிறது. அங்கே அரங்கில் அறுநூறு பேர் இருக்கலாம். உங்களுக்கு அறுபது பேர் வருவார்கள். வேண்டாம்.

பிரதேச செயலகத்திலை ஏதும் செய்யலாமோ?

செய்யலாம், அனேகர் அறியாத வழி இது. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கலாசார உத்தியோகத்தர் இருக்கிறார். கலாசாரப் பேரவையும், வருடாந்தம் கலாசார விழாவும் உண்டு. உங்கள் பெயர், வாத்தியம், தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள். போட்டிகளில் திறந்த பிரிவு வந்தால் சொல்லச் சொல்லுங்கள். ஒருமுறை ஒரு அலுவலகத்தில் என் விபரத்தை மூன்று தரம் எழுதிக் கொடுத்தேன். மூன்று தரமும் தொலைந்தது. நாலாம் தரம் ஒரு புது உத்தியோகத்தர் வந்தா, அடுத்த மாதமே அழைப்பு வந்தது.

நான் கனடாவிலை இருக்கிறன். ஆடி, ஆவணியிலை மூன்று கிழமை வருவன். வாசிக்க வழி உண்டோ?

உண்டு, ஆனால் வந்து இறங்கிய பிறகு தேட வேண்டாம். உங்கள் குடும்ப உபயம் எந்த நாள் என்று பாருங்கள். அன்று மாலை நிகழ்ச்சியை நீங்களே எடுங்கள். இங்கே உள்ள மிருதங்கக்காரரை முன்கூட்டி ஒழுங்கு செய்து, பாட்டுப் பட்டியலை வட்ஸ்அப்பில் அனுப்பி, வந்ததும் இரண்டு ஒத்திகை வையுங்கள். ஒத்திகை இல்லாமல் நேரே மேடை ஏறலாம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். வயலினைக் குளிர்நாட்டில் இருந்து கொண்டுவந்தால் இந்த வெக்கைக்கும் கடற்காற்றுக்கும் பிருடை (தந்தியை முறுக்கும் முளை) இறுகும். இரண்டு நாள் பெட்டியைத் திறந்து வைத்து, மெதுவாகச் சுருதி கூட்டுங்கள். திரும்பிப் போகும்போது ஒரு தொகுதி தந்தியையாவது இங்கே வாசித்தவருக்கு விட்டுப் போனால் கோடி புண்ணியம். நல்ல தந்தி இங்கே கிடைப்பது சிரமம்.

மேடையிலை கை நடுங்குது.

எனக்கும் நடுங்கும். முதல் பாட்டை மத்திம காலத்தில், பழகிய ஹம்சத்வனியில் வைப்பேன். மெதுவான பாட்டில்தான் வில் நடுக்கம் வெளியே தெரியும்.

சனம் இல்லாமல், எங்களுக்காக மட்டும் வாசிக்க ஏலாதோ?

இதைக் கேட்டவர் ஒரே ஒருவர்தான், எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். நாங்கள் பூரணை விடுமுறை நாளில் கூடுகிறோம். வேலை இல்லை, வகுப்பு இல்லை, பின்னேரம் நாலு மணிக்கு ஒரு வீட்டு விறாந்தை. பாய், ஒரு போத்தல் தண்ணீர், தொலைபேசியில் தம்புரா. ஒவ்வொருவரும் ஒரு பாட்டுக் கொண்டுவர வேண்டும்; பிழை விட்டால் நிறுத்தித் திரும்பத் தொடங்கலாம், மேடையில் செய்ய முடியாதது அது. பார்வையாளர் என்று யாரும் இல்லை, பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வேலிக்கு அங்கால் கதிரை போட்டிருப்பா. ஆறு மணிக்குத் தேத்தண்ணியும் வடையும். தொடங்கியபோது மூன்று பேர். ஒரு பூரணைக்குப் பதினொரு பேர் வந்து விறாந்தை போதாமல் மாமரத்தடிக்குப் போனோம். வேறொரு பூரணைக்கு மழை, நானும் மிருதங்கக்காரரும் மட்டும். அன்று இரண்டு பேரும் ஒரே வர்ணத்தை மூன்று காலத்திலும் ஒன்றரை மணித்தியாலம் வாசித்தோம்.

எல்லாம் செய்தும் ஒருத்தரும் கூப்பிடேல்லை எண்டால்?

எத்தனை நிகழ்ச்சிக்கு, மற்றவர் வாசிக்கும்போது, கேட்கப் போனீர்கள் என்று யோசியுங்கள். அடுத்த வெள்ளி பின்னேரப் பூசைக்குப் போங்கள், பெட்டியையும் கொண்டு போங்கள். பெட்டியைக் கண்டால் யாராவது கேட்பார்கள், "என்ன, வாசிப்பியளோ?"